கல்விச்சாலையும் கடவுளும் — 7: ஆறு பேர் விடுவித்தார்கள், ஆறு பேர் விலக்கினார்கள்

கல்கத்தா நகரத்துக் கனவான்கள் சிலர் 1816ஆம் வருஷம் மே மாதம் தலைமை நீதிபதி ஹைட் ஈஸ்ட்டின் மாளிகையில் கூடி, தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி புகட்ட ஒரு கலாசாலை காண்பதென்று தீர்மானித்ததையும், ராம்மோகன் ராயின் பெயர் அதில் சம்பந்தப்பட்டால் தாங்கள் ஒரு காசும் தரமாட்டோம் என்று வைதிகர்கள் ஆக்ஷேபித்தபோது அவர் தாமாகவே ஒதுங்கிக்கொண்டதையும், 1817 ஜனவரி 20ஆம் தேதி இருபது பிள்ளைகளோடு ஹிந்து காலேஜ் திறக்கப்பட்டதையும் முந்திய அத்தியாயங்களில் கண்டோம்.

கல்லூரியின் மூலதனத்தை நம்பி ஒப்படைத்திருந்த வணிக நிலையம் நொடித்துப்போகவே, சர்க்காரின் உதவியை நாட வேண்டி வந்ததும், அந்த உதவியோடு கூடவே மேற்பார்வையாளராக ஹோரேஸ் ஹேமன் வில்ஸன் வந்து சேர்ந்ததும் சென்ற வாரத்துச் செய்தி.

அதே அத்தியாயத்தின் கடைசியில், 1826இல், ஆங்கில இலக்கியமும் சரித்திரமும் போதிக்க ஓர் ஆசிரியர் நியமனம் பெற்றார். அவருக்கு வயது பதினேழு. பெயர் ஹென்றி லூயி விவியன் டெரோஸியோ. போர்த்துகீசிய இரத்தமும் இந்திய இரத்தமும் கலந்த வம்சத்தில் பிறந்தவர். நம் சென்னையில் பழைய தலைமுறையினர் 'சட்டைக்காரர்' என்று சற்று இளக்காரமாகச் சொல்வார்களே, அந்த வகுப்பு.

ஐந்து வருஷ காலத்தில் அந்த வாலிபர் வங்காளத்துப் பெரிய வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டார். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அதன் முடிவை. அதாவது ஒரு சனிக்கிழமையை.

மணி அடித்த பிறகு

டெரோஸியோ என்ன பாடம் நடத்தினார் என்பதைக் காட்டிலும், பாடம் முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் மணி அடித்தால் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவார்கள். இவருடைய வகுப்பிலோ மணி அடித்த பிறகுதான் கூட்டம் சேரும். அவரிடம் நேரடியாகப் பாடம் கேளாத மேல் வகுப்பு மாணவர்களும்கூட வந்து சூழ்ந்துகொள்வார்கள். மாணவர்களுக்கும் ஆசிரியருக்கும் இடையே நாலைந்து வயதுதான் வித்தியாசம் என்பதனாலோ, ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் அதன் இரு பக்கத்து நியாயங்களையும் எடுத்து வைத்துவிட்டு 'நீங்களே தீர்மானியுங்கள்' என்று விட்டுவிடும் அவருடைய போதனா முறையினாலோ, அந்தப் பிள்ளைகள் அவரைக் குருவாகவும் தோழராகவும் ஒருங்கே பாவித்தார்கள்.

இந்த முறை அவருக்குத் தர்மதலையில் ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்த டேவிட் டிரம்மண்ட் என்ற ஸ்காத்லாந்து தேசத்துச் சந்தேகவாதியிடமிருந்து கிடைத்த பிதிரார்ஜிதம். டெரோஸியோ படித்தது அங்கேதான். பள்ளியை விட்ட பின் பாகல்பூரில் அத்தை வீட்டுக்காரரின் அவுரித் தொழிற்சாலையில் சில காலம் இருந்தார். கங்கைக் கரையைப் பார்த்துக்கொண்டு கவிதை எழுதினார். கணக்கெழுத வந்த பிள்ளை கவியாகத் திரும்பினான் என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

1828 வாக்கில் வகுப்பறை அவர்களுக்குப் போதவில்லை. 'அகாடமிக் அஸோஸியேஷன்' என்றொரு விவாத சபை தோன்றியது. முதலில் டெரோஸியோவின் வீட்டிலும், பிறகு மாணிக்கதலையில் ஸ்ரீகிருஷ்ண ஸிம்ஹர் என்ற தனவந்தரின் தோட்ட வீட்டிலும் அது கூடியது. ஸிம்ஹரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமையன்று அவரை மறுபடி சந்திப்போம்.

அந்தத் தோட்ட வீட்டில் விதியா, சுயேச்சையா என்று வாதாடினார்கள். சத்தியத்தின் மேன்மை, தேசாபிமானம், விக்கிரக ஆராதனை, புரோகிதம் எல்லாமே விவாதத்துக்கு வந்தன. கடவுள் உண்டு என்று ஒருவன் எழுந்து பேசினால், இல்லை என்று மற்றொருவன் எழுந்து பேசினான். இருவரையும் தலைவர் நாற்காலியிலிருந்து டெரோஸியோ ஒரே சிரத்தையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கடிகார வியாபாரியாக வந்து கல்வித் தொண்டராக மாறிவிட்ட டேவிட் ஹேர் அந்தச் சபையில் அடிக்கடி வந்து அமர்ந்தார். நீதிபதி எட்வர்ட் ரையன் போன்ற பெரிய உத்தியோகஸ்தர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

பதினாறு வயதுப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்க நீதிபதி வருகிறார் என்றால், அந்தப் பிள்ளைகளின் தலை சற்றுக் கனத்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

வீட்டுக்குள் புகுந்த விவாதம்

கலாசாலையில் எழுந்த கேள்வி கலாசாலையிலேயே தங்கியிருந்தால் நம்முடைய சரித்திரத்தில் இந்த அத்தியாயமே இருந்திராது. அது மாலையில் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போயிற்று.

பூஜை அறையில் உட்காரச் சொன்னால், மந்திரத்துக்குப் பதிலாக ஹோமரின் இலியத் காவியத்திலிருந்து அடிகளை முணுமுணுத்தார்களாம். பூணூல் கல்யாணத்துக்கு இசைய மாட்டேன் என்றான் ஒருவன். போட்ட பூணூலைக் கழற்றுவேன் என்றான் மற்றொருவன். காளிகட்டத்துக்கு அழைத்துப்போன தகப்பனார் தேவியை வணங்கும்படி சொன்னபோது, பிள்ளை தேவியைப் பார்த்து 'குட் மார்னிங், மேடம்' என்றான் என்று ஒரு கதை வழங்குகிறது. அது நடந்ததோ, வைதிகர்களின் கோபம் கற்பித்ததோ, நகரம் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பதறியது.

ரஸிககிருஷ்ண மல்லிக்கைப் பற்றிய சம்பவம் இதைவிடக் கனமானது. சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்ற அவன் முன் தாமிரப் பாத்திரத்தில் கங்கா ஜலத்தையும் துளசியையும் வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள்; கங்கையின் புனிதத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று அவன் பகிரங்கமாகச் சொல்லிவிட்டான். பொய் சொல்லக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் சத்தியம் செய்ய மறுத்தான் என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ! காலேஜ் பையன் பொய் சொல்ல மாட்டான் என்று ஒரு பேச்சு அந்நாளில் கல்கத்தாவில் இருந்ததும் உண்மை. அதே காலேஜ் பையன் வீட்டுத் தெய்வத்தைக் கும்பிட மாட்டான் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் சேர்த்து ஜீரணிக்க ஊருக்குத் திராணி இல்லை.

அமெரிக்காவிலிருந்து ஒரு கப்பலில் தாமஸ் பெயினுடைய 'அறிவின் யுகம்' வந்து இறங்கியதாகவும், ஒரு ரூபாய்க்கு விற்கத் தொடங்கிய பிரதி மாணவர்களின் மோகத்தால் ஐந்து ரூபாய் வரை ஏறிவிட்டதாகவும் அலெக்ஸாண்டர் டஃப் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். இந்த டஃப் 1830 மே மாதத்தில்தான் கல்கத்தாவுக்கு வந்தவர். ஹிந்து காலேஜுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு, அவ்வருஷம் ஆகஸ்டில் கிறிஸ்தவ சமயத்தைப் பற்றிய பிரசங்கங்களை அங்கே ஏற்பாடு செய்தார். ஒரே ஒரு பிரசங்கம் நடந்தது, ஊர் கொந்தளித்தது, மதவிஷயமான சபைகளுக்கு மாணவர்கள் போகக்கூடாதென்று நிர்வாகஸ்தர்கள் உத்தரவிட்டார்கள். பத்திரிகைகள் அந்த உத்தரவைக் கொடுங்கோன்மை என்று சாடின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாஸ்திகம் என்று அஞ்சப்பட்டதும், கிறிஸ்தவம் என்று அஞ்சப்பட்டதும் பெற்றோரின் கண்ணுக்கு ஒரே பூதத்தின் இரண்டு தலைகளாகத் தெரிந்தன. உண்மையிலோ டெரோஸியோவின் சிஷ்யர்கள் பைபிளையும் பெயினுடைய கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள். பாதிரியார்களுக்கும் அவர்களால் தலைவலிதான்.

ஆசிரியர்களுக்கும் கட்டளை பிறந்தது. ஹிந்து மதத்தைப் பற்றி மாணவர்களோடு எவ்விதப் பேச்சும் வைத்துக்கொள்ளலாகாது. வகுப்பறையில் உண்பது, குடிப்பது போன்ற, ஹிந்து ஆசாரத்துக்கு ஒவ்வாத பழக்கங்களுக்கு இடம் தரலாகாது. மாணவர்கள் 1830இல் வெளியிட்ட 'பார்த்தினான்' பத்திரிகை முதல் இதழோடு நின்றது. இரண்டாவது இதழை வெளிவர விடவில்லை.

ஆனால் பேச்சை அடைத்தால் வதந்தி திறந்துகொள்ளும். ஏழைப் பிராமணர் ஒருவர் காலை வேளைகளில் பெரிய வீடுகள்தோறும் ஏறி இறங்கி, டெரோஸியோவின் வீட்டில் நேற்று என்ன நடந்தது என்பதைக் கூட்டியும் பெருக்கியும் விநியோகித்து வந்தார். டெரோஸியோவின் தங்கைக்கும் தக்ஷிணாரஞ்ஜன முகர்ஜி என்ற பிராமண மாணவனுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது என்பது அவர் சுமந்த செய்திகளில் ஒன்று. அண்ணன் தங்கை மணந்துகொள்வதில் தவறில்லை என்று அந்த ஆசிரியர் போதிக்கிறாராம் என்பது மற்றொன்று.

1831ஆம் வருஷத்துக் கோடை தொடங்குவதற்குள், மரியாதைப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த இருபத்தைந்து பேருக்குக் குறையாத பிள்ளைகள் கல்லூரியிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமலிருந்தவர்கள் இன்னும் பலர்.

காலி பெஞ்சுகளைப் பார்த்த நிர்வாகஸ்தர்கள் விசேஷக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

சனிக்கிழமை

1831 ஏப்ரல் 23.

கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்கள் ஒன்பது பேர். ஏழு ஹிந்துக்கள், இரண்டு ஆங்கிலேயர்கள். எவரைப் பற்றிப் பேசக் கூடினார்களோ அவர் அங்கே இல்லை; அவரை யாரும் அழைக்கவும் இல்லை. ஐந்து நாட்களுக்கு முன்புதான் அவருக்கு இருபத்திரண்டு வயது நிறைந்திருந்தது.

அந்த ஒன்பது பேரில் சிலரையேனும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில், இவர்களை வெறும் பழைமைப் பிண்டங்களாகச் சித்திரித்துவிட்டுப் போவது சரித்திரம் எழுதுகிறவர்களுக்குச் சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை.

ராதாகாந்த தேவர், உடன்கட்டை ஏறுவதைத் தடுத்த சட்டத்தை எதிர்த்து 1830 ஜனவரியில் தோன்றிய தர்மசபையின் தூண். அதே மனிதர் பெண்கள் படிக்க வேண்டுமென்று பரிந்து பேசியவர். 'சப்தகல்பத்ருமம்' என்ற மாபெரும் சமஸ்கிருத அகராதிக்காகத் தம் ஆயுளில் பல தசாப்தங்களைச் செலவிட்டவர்.

ராமகமல ஸேனர் எட்டு ரூபாய்ச் சம்பளத்தில் அச்சுக்கூடத்து ஊழியராகத் தொடங்கி, சொந்த முயற்சியால் நாணயசாலையின் திவானாக உயர்ந்தவர். அவர் உயர உதவியவர் வேறு யாருமல்லர், எதிர் நாற்காலியில் அமர்ந்திருந்த வில்ஸனே. பின்னாளில் பிரம்ம சமாஜத்தின் பெருந்தலைவராகி, 1864இல் சென்னைக்கு வந்து பேசி, இங்கே வேத சமாஜம் தோன்றக் காரணமாயிருந்த கேசவசந்திர ஸேனர் இந்த ராமகமலரின் பேரன்தான். தாத்தா காவல் நின்ற வாசலைப் பேரன் திறந்தான்.

வில்ஸனோ, காளிதாசனின் மேகதூதத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன பண்டிதர். காலின் மெக்கன்ஸி திரட்டிய சுவடிகளுக்கு 1828இல் விவரப் பட்டியல் வெளியிட்டவரும் அவரே. அதில் நம் தமிழ்ச் சுவடிகளும் அடங்கும் என்பதால் நாமும் அவருக்குச் சிறிது கடமைப்பட்டவர்கள்.

இனிக் கூட்டத்துக்குள் போவோம்.

ராமகமலர் ஒரு குறிப்பைச் சமர்ப்பித்தார். எல்லாத் தீங்குகளுக்கும் வேர் டெரோஸியோ, ஆகையால் அவரை நீக்க வேண்டும்; ஹிந்து தர்மத்துக்கும் தேசாசாரத்துக்கும் பகிரங்க விரோதிகளாக உள்ள மாணவர்களையும் நீக்க வேண்டும்; தனிப் பிரசங்கங்களுக்கும் கூட்டங்களுக்கும் போகிற பிள்ளைகளைத் தடுக்க வேண்டும். வேரை முதலில் பிடுங்குவது என்று, நீக்கத்தைப் பற்றிய யோசனையை முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. மாணவர்களிடம் விளைந்த பலனைக் கொண்டு பார்க்கையில், இளைஞர்களின் கல்வியை ஒப்படைக்கத் தகாத மனிதர் இவர் என்று முடிவு கட்ட நியாயமான ஆதாரம் ஏதேனும் நம்மிடம் இருக்கிறதா?

ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

அவருடைய போதனையால் கெடுதல் விளைந்ததைத் தாம் கண்டதே இல்லை என்றார் வில்ஸன். சந்திரகுமார தாகூர், வதந்தியைத் தவிரத் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். ராதாகாந்த தேவர், தகாதவரே என்றார். ரஸமய தத்தர், கேள்விப்பட்டதன்றி அவருக்கு விரோதமாகத் தாம் அறிந்தது ஏதுமில்லை என்றார். பிரஸன்னகுமார தாகூர், ருசு இல்லாமையால் அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தார். ராதாமாதவ பானர்ஜி, கேள்விப்பட்டதை வைத்துத் தகாதவர் என்றார். ராமகமல ஸேனர் தேவருடைய அபிப்பிராயத்தையே ஆமோதித்தார். தோட்ட வீட்டுக்காரரான ஸ்ரீகிருஷ்ண ஸிம்ஹர், அவர் தகாதவர் என்பதற்கு நேர்மாறாகவே தாம் உறுதியாக நம்புவதாகச் சொன்னார். டேவிட் ஹேர், அவர் மிகத் திறமையுள்ள ஆசிரியர், அவருடைய போதனை எக்காலமும் நன்மையே பயந்தது என்றார்.

எண்ணிப் பாருங்கள். ஒன்பதில் மூவரே குற்றம் கண்டார்கள். ஆறு பேர் காணவில்லை.

எந்த நியாயஸ்தலத்திலும் விவகாரம் இங்கே முடிந்திருக்கும். ஆசிரியர் திங்கட்கிழமை வழக்கம்போல் வகுப்புக்குப் போயிருப்பார்.

அப்படி முடியவில்லை. இரண்டாவது கேள்வி ஒன்று மேஜைமேல் வைக்கப்பட்டது. கல்கத்தா ஹிந்து சமூகத்தின் இன்றைய மனநிலையில், டெரோஸியோவை விலக்குவது உசிதமா?

தகுதி என்ற வார்த்தை போய் உசிதம் என்ற வார்த்தை வந்து உட்கார்ந்த அந்தக் கணம்தான் இந்த அத்தியாயத்தின் திருப்புமுனை என்பது என் கருத்து. முதல் கேள்வி அந்த மனிதரைப் பற்றியது. இரண்டாவது காலி பெஞ்சுகளைப் பற்றியது.

சந்திரகுமார தாகூர், ராதாகாந்த தேவர், ராமகமல ஸேனர், ராதாமாதவ பானர்ஜி ஆகிய நால்வரும், விலக்குவது அவசியம் என்றார்கள். ரஸமய தத்தரும், சற்று முன்பு அவரை விடுவித்த அதே பிரஸன்னகுமார தாகூரும், உசிதம் என்றார்கள். அவசியமில்லை என்று சொன்ன ஒரே குரல் ஸ்ரீகிருஷ்ண ஸிம்ஹருடையது.

வில்ஸனும் ஹேரும்?

இது ஹிந்துக்களின் மனநிலையை மட்டும் பொறுத்த விஷயமாதலால் தாங்கள் வாக்களிப்பது முறையாகாது என்று இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஆறு பேர் விடுவித்தார்கள். பத்து நிமிஷமோ அரைமணியோ கழித்து ஆறு பேர் விலக்கினார்கள். வில்ஸனும் ஹேரும் ஒதுங்காமல் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியே இருக்கும் என்று சொல்லலாம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவருடைய தகுதிக்கு அவ்வளவு உரத்து நற்சாட்சி கூறிய இரண்டு பெரியவர்கள், அந்த நற்சாட்சியின் மை உலருமுன் வாய் மூடிக்கொண்டது, தயங்கி நின்ற இரண்டு தாகூர்களுக்கும் தத்தருக்கும் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! பிறர் மதத்துக்கு மரியாதை என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். டேவிட் ஹேரை நான் மிகவும் மதிக்கிறவன். ஆயினும் அந்தச் சனிக்கிழமை மாலையில் அவரை நான் மன்னிக்கவில்லை.

டெரோஸியோவின் யோக்கியதையையும் சேவையையும் தக்கபடி கருத்தில் கொண்டு அவரை விலக்குவதென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது. இந்த வாசகத்தின் விசித்திரம் அதை எழுதியவர்களுக்கு உறைக்கவில்லை.

மூன்று கேள்விகள்

செய்தியை எடுத்துச் சொல்லும் சங்கடம் வில்ஸனுக்கு வாய்த்தது. விலக்கப்படுவதைவிட ராஜிநாமாச் செய்வது கௌரவமாயிருக்கும் என்று அவர் எழுதினார்.

ஏப்ரல் 25, திங்கட்கிழமை, டெரோஸியோ ராஜிநாமாவை அனுப்பினார். அதோடு நிர்வாகஸ்தர்களுக்குச் சில விஷயங்களையும் வரிசையாக எழுதி வைத்தார்: தம்மீது குற்றச்சாட்டு எதுவும் கொண்டுவரப்படவில்லை, கொண்டுவந்திருந்தால் தமக்கு அறிவிக்கவில்லை, குற்றம் சாட்டியவர்களுக்கு எதிரே தம்மை நிறுத்தவில்லை, இரு தரப்பிலும் ஒரு சாட்சியைக்கூட விசாரிக்கவில்லை, தம் நடத்தையும் குணமும் பரிசீலிக்கப்பட்டபோது பதில் சொல்லச் சந்தர்ப்பம் தரவில்லை, பெரும்பாலோர் தம்மைத் தகாதவராகக் கருதாதிருந்தும் விலக்கத் தீர்மானித்தார்கள். விசாரணை என்ற பெயருக்குக்கூட எதுவும் நடக்கவில்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

வில்ஸனுக்கு மனம் கேட்கவில்லை. அதே நாளில் நண்பர் என்ற முறையில் மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினார். விருப்பமானால் பதில் எழுதலாம் என்றும் சொன்னார்.

கடவுள் இருப்பதாக நீர் நம்புகிறீரா? பெற்றோருக்கு மரியாதை செய்வது தர்மத்தில் சேராது என்று கருதுகிறீரா? சகோதர சகோதரியின் விவாகம் குற்றமற்றது, ஒப்பத்தக்கது என்று நினைக்கிறீரா?

தீர்ப்பு சனிக்கிழமை, விசாரணை திங்கட்கிழமை. விநோதமான நியாயம்தான். இருந்தாலும் அந்தக் கேள்விகள் அனுப்பப்படாதிருந்தால், செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 26 அன்று டெரோஸியோ எழுதிய பதில் கடிதம் நமக்குக் கிடைத்திராது. இந்தியக் கலாசாலைகளின் சரித்திரத்தில் ஆசிரியர் ஒருவர் தம் தொழிலைக் குறித்து எழுதிய கடிதங்களில் இதற்கு இணையாக நான் இன்னொன்றைப் படித்ததில்லை.

முதல் கேள்விக்கு அவர் சொன்னதன் கருத்து இது. கடவுள் இல்லை என்று எந்த மனிதன் காதிலும் தாம் சொன்னதில்லை. ஆனால் அவ்விஷயத்தைப் பற்றிப் பேசுவதே குற்றமென்றால், தாம் குற்றவாளியே. தத்துவ ஞானிகளின் சந்தேகங்களை மாணவர்களுக்குச் சொன்னதும் உண்மை. அச்சந்தேகங்களுக்குச் சொல்லப்பட்ட சமாதானங்களைச் சொன்னதும் உண்மை. டேவிட் ஹ்யூமின் சம்வாதத்தைப் படிக்க வைத்தார். ஹ்யூமை மறுத்த ரீடையும் டுகால்ட் ஸ்டூவர்ட்டையும் கூடவே படிக்க வைத்தார். ஒரு பக்கத்தை மறைத்து ஒரு பக்கத்தைக் காட்டிப் பிள்ளைகளை நம்ப வைப்பது போதனையாகுமா என்று திருப்பிக் கேட்டார். தம் மாணவர்களில் சிலர் நாஸ்திகரானார்கள் என்று பழி சொல்கிறவர்கள், வேறு சிலர் ஆஸ்திகராக நிலைத்ததற்குத் தமக்குப் புகழ் தருவார்களா என்பதும் அதில் ஒரு கேள்வி.

அவர் சொந்தமாக எதை நம்பினார்? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும் நேரான பதில் அகப்படாது. சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன் என்று அவர் எண்ணியிருக்கலாம். சொன்னால் பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்வார்கள் என்றும் எண்ணியிருக்கலாம்.

இரண்டாவது கேள்வி அவரை உண்மையிலேயே புண்படுத்தியது. தகப்பனாரிடம் மரியாதை தவறிப் பேசிய மாணவன் ஒருவனைத் தாம் கடிந்து மன்னிப்புக் கேட்க வைத்ததையும், தகப்பனாரின் கொடுமை தாளாமல் வீட்டைவிட்டு வெளியேறத் துடித்த தக்ஷிணாரஞ்ஜனனைப் பொறுத்துக்கொள்ளும்படி புத்தி சொன்னதையும், அவன் கேளாமல் வெளியேறித் தம் வீட்டருகே குடிவந்தது தமக்குத் தெரியாமலேயே நடந்ததையும் விவரித்தார். வதந்தியின் விதை எங்கே விழுந்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

மூன்றாவது கேள்விக்கு, அப்படிப்பட்ட அபத்தத்தைத் தாம் போதித்ததே இல்லை என்பதற்கு மேல் சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்தது. தீர்மானம் மாறவில்லை.

அவசியம் என்றும் உசிதம் என்றும் சொன்னவர்களின் நோக்கம் என்ன ஆயிற்று என்பதற்கு, இருபது வருஷம் தாண்டி ஒரு குறிப்பு. 'உசிதம்' என்று வாக்களித்த பிரஸன்னகுமார தாகூரின் ஒரே மகன் ஞானேந்திரமோகனன் 1851இல் கிறிஸ்தவனானான். தகப்பனார் அவனுக்குச் சொத்தில்லாமல் செய்துவிட்டார். அவன் மணந்த பெண் யாருடைய மகள் தெரியுமா? டெரோஸியோவின் சிஷ்யர்களில் தலைசிறந்த கிருஷ்ணமோகன பானர்ஜியின் மகள்.

ஆகஸ்ட் 23

வேரைப் பிடுங்கிவிட்டால் செடி வாடிவிடும் என்று எண்ணினார்கள். ஆசிரியர் போன பிறகுதான் சிஷ்யர்களுக்கு வேகம் பிடித்தது. கட்டுப்படுத்தி, கடிந்து, மன்னிப்புக் கேட்க வைத்த ஒரே மனிதரை அவர்களிடமிருந்து பிரித்துவிட்டார்கள் அல்லவா?

டெரோஸியோ 1831 ஜூன் மாதத்தில் 'ஈஸ்ட் இந்தியன்' என்ற தினசரியைத் தொடங்கினார். அதற்கு முன்பே, மே மாதத்தில், கிருஷ்ணமோகனன் 'என்க்வயரர்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை ஆரம்பித்து, வைதிகத்தின்மீது வாரந்தோறும் நெருப்பைக் கொட்டிக்கொண்டிருந்தான். வயது பதினெட்டு. குலீன பிராமணன். டேவிட் ஹேரின் பள்ளியில் ஆசிரியர் வேலை. தாய்வழிப் பாட்டனார் ராமஜய வித்யாபூஷணரின் வீட்டில் வாசம்.

அவ்வருஷம் ஆகஸ்ட் 23, செவ்வாய்க்கிழமை, கிருஷ்ணமோகனன் வெளியே போயிருந்த சமயத்தில் அவனுடைய நண்பர்கள் அந்த வீட்டில் கூடினார்கள். கடையிலிருந்து ரொட்டியும் பசுமாமிசமும் வாங்கி வந்து தின்றார்கள். தின்றதோடு நில்லாமல், எலும்புகளை அடுத்த பிராமணர் வீட்டு முற்றத்தில் எறிந்து, என்ன எறிந்தோம் என்பதைக் கூவியும் சொன்னார்கள்.

இந்தச் செயலுக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. அந்த வீட்டுக்காரர் இவர்களுக்கு ஒரு தீங்கும் செய்தவரல்லர். ஹ்யூமையும் ரீடையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொன்ன ஆசிரியர் அந்த முற்றத்தைப் பார்த்திருந்தால் தலை குனிந்திருப்பார்.

தெரு திரண்டது. தடியோடும் வசவோடும் வந்து வாசலில் நின்ற அண்டை வீட்டார், பேரனை இன்றே வெளியேற்ற வேண்டும், இல்லையேல் வீடு முழுவதற்கும் ஜாதிப் பிரஷ்டம் என்றார்கள். நண்பர்கள் ஓடிவிட்டார்கள்.

ஒன்றும் அறியாதவனாகச் சாயங்காலம் வீடு திரும்பினான் கிருஷ்ணமோகனன். நடந்ததைக் கேட்டு வருந்தினான். மன்னிப்புக் கோரினான் என்றும் சொல்கிறார்கள். இந்துமதத்தில் நம்பிக்கை இருப்பதாகச் சொல்லிவிட்டால் போதும், உள்ளே வரலாம் என்றார்கள். காலேஜ் பையனுக்கு அது மட்டும் முடியவில்லை.

கதவு சாத்தப்பட்டது. உற்றார் இல்லை, கையில் பத்திரிகையைத் தவிரச் சொத்து இல்லை, அவனைத் தங்க வைக்கிற ஹிந்துவின் வீட்டுக்கும் அதே கூட்டம் வரும், வைதிகத்தை இகழ்ந்தது போலவே பாதிரிகளையும் இகழ்ந்தவனாதலால் அந்தப் பக்கம் திரும்பவும் முகம் இல்லை. அன்றிரவு அவனுக்குக் கதவு திறந்தவர் யார்? அடுத்த வருஷம் அக்டோபருக்குள் அவனைத் தேடி வந்து வென்றவர் யார்?

டெரோஸியோவிடம் இதையெல்லாம் கேட்க அவகாசம் அதிகமில்லை. 1831 டிஸம்பரில் கல்கத்தாவில் வாந்திபேதி கண்டது.

(தொடரும்)